வீட்டிலேயே பைக் ஆயில் மாற்றுகிறீர்களா? ஆயில் டிரேயைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, எளாவூர், மாதர்பாக்கம், ஊத்துக்கோட்டைப் பக்கம் பல விவசாயக் குடும்பங்களில் ஒருவராவது சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். அவர் போய்வர ஒரு பைக் இருக்கும். வயலுக்கு பவர் டில்லரோ, டீசல் பம்ப்செட்டோ, களை எடுக்கும் சிறு இயந்திரமோ இருக்கும். இத்தனை இன்ஜினுக்கும் ஒர்க்ஷாப்பில் ஆயில் மாற்றினால் செலவு கூடுகிறது என்பதால் பலர் வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

ஆனால் வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் கொட்டகை ஓரம், துவைக்கிற கல் பக்கம், கிணற்று மேடு. கை கழுவத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் காரணம். ஆயில் பிடிக்க வைப்பது மாட்டுக்குத் தவிடு கலக்கும் பேசின், மருந்து கலக்கும் வாளி அல்லது அறுத்த தண்ணீர் பாட்டில். பிடித்த ஆயில் வேலி ஓரத்தில் கொட்டப்படுகிறது.

ஆயில் டிரே பற்றி விவசாயப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மேலே சொன்ன மூன்று பாத்திரங்களும் உங்கள் மாட்டையும் பயிரையும் குடிநீரையும் தொடுபவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மண்ணுக்கு இது ஏன் முக்கியம்?

பழைய ஆயில் என்பது கருத்துப்போன புது ஆயில் அல்ல. இன்ஜினுக்குள் சூடேறி, எரிந்த பெட்ரோலின் கரியும் தேய்ந்த இரும்பு, அலுமினியம், செம்புத் துகள்களும் அதில் சேர்ந்திருக்கும். தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் கலந்த துத்தநாகச் சேர்மங்கள் ஏற்கெனவே உண்டு. எரிபொருள் எரியும்போது உருவாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் தோலுக்குக் கேடு. பழைய ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் ஆபத்து என்ற எச்சரிக்கை பல ஆயில் டப்பாக்களின் பின்பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

ஒரு முறை மாற்றும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அங்கே அவர்கள் சொல்வது கார் கணக்கு, ஒரு காலன் ஆயில். அதே விகிதத்தில் நம் பைக்கின் ஒரு லிட்டருக்குப் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். அவ்வளவு நீரும் விஷமாகிவிடும் என்று பொருளல்ல. மணமும் சுவையும் கெட்டுக் குடிக்க லாயக்கற்றுப் போக அவ்வளவு சிறிய அளவே போதும் என்பது பொருள்.

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்து சேர்த்த மணற்பாங்கான வண்டல் நிலங்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. களிமண்ணில் மெதுவாக இறங்கும் ஆயில் மணலில் வேகமாக இறங்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவமும் நெல் போட இந்த நிலத்தடி நீர்தான் கைகொடுக்கிறது. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நீர் எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருக்கிற நல்ல நீரைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

ஒரு கணக்குக்கு, 200 பைக் உள்ள ஊரில் வண்டிக்கு ஆண்டுக்கு 3 லிட்டர் பழைய ஆயில் என்றால் 600 லிட்டர். அது மூன்று முழு டிரம். யாராவது மூன்று டிரம்மை உருட்டிவந்து ஊர் ஏரியில் கொட்டினால் விடுவோமா? ஒவ்வொரு லிட்டராக வேலி ஓரத்தில் கொட்டும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோது கசிந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். அளவு வேறு என்றாலும், வெளியே போன எண்ணெயைத் திரும்ப அள்ளுவது எங்கேயும் இதே பாடுதான்.

டிரே எப்படி இருக்க வேண்டும்?

கடைக்குப் போனதும் எவ்வளவு பிடிக்கும் என்றுதான் கேட்கிறோம். அதைவிட முக்கியமாக, பிடித்த ஆயிலை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கேனுக்கு ஊற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆயில் பெரும்பாலும் சிந்துவது வண்டிக்கு அடியில் அல்ல. டிரேயைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் கேனில் ஊற்றும்போதும்தான். எனவே ஊற்று மூக்கு இல்லாத டிரே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

கொள்ளளவுக்கு வருவோம். 100 சிசி வண்டிகளில் பொதுவாக ஒரு லிட்டருக்குள்தான் ஆயில் இருக்கும். 150 சிசி வண்டிகளில் ஒரு லிட்டரை ஒட்டி வரும். 350 சிசி புல்லட் வகைகளுக்கு இரண்டு லிட்டரும் அதற்கு மேலும் ஆகும். 5 குதிரைத்திறன் அளவிலான சிறு பெட்ரோல் இன்ஜின் பம்ப், மினி டில்லர் போன்றவற்றில் சுமார் 600 மி.லி. பவர் டில்லர், டீசல் பம்ப்செட்டுக்கு லிட்டர் கணக்கில் வரும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள இன்ஜின்களில் எது அதிகம் கேட்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கும் டிரேயாக வாங்கினால் விளிம்பு வரை நிரம்பாது, தூக்கும்போது தளும்பாது.

அகலத்தைச் சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பேசினில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 700 மி.லி. பிடிக்கும். 40-க்கு 30 செ.மீ. செவ்வகத் தட்டில் ஒரு செ.மீ.க்கு 1.2 லிட்டர். ஆகவே பைக்குக்கு ஆழம் பெரிய விஷயமே அல்ல, 6 அல்லது 7 செ.மீ. போதும். அகலம்தான் வேண்டும். டிரெயின் போல்ட் கழன்ற நொடியில் ஆயில் நேர்கீழே விழாது, சற்றுப் பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டு வரும். பிறகு மெல்ல மெல்ல நேராகி, கடைசியில் நூல் போல இறங்கும். அந்த நூலைக் காற்று இழுத்துக்கொண்டு போகும். பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியபின் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். காலையில் செய்வது நல்லது, டிரே குறைந்தது 30 செ.மீ. அகலம் இருக்கட்டும்.

அகலத்துக்கு ஆசைப்பட்டு உயரத்தை மறந்துவிடாதீர்கள். இங்கே ஓடும் சாதாரண பைக்குகளின் அடிப்பாகம் தரையிலிருந்து பெரும்பாலும் 15, 16 செ.மீ.தான். மொபெட்டுகளில் இன்னும் குறைவு. ஸ்பானர் திருப்பவும் கை போகவும் இடம் வேண்டும். டிரேயின் உயரம் 10 செ.மீ.க்கு மேல் போனால் வண்டியைச் செங்கல் மேல் ஏற்றத் தோன்றும். செங்கல் மேல் நிறுத்திய வண்டிக்கு அடியில் கை விடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

எந்தப் பொருளில் செய்தது என்பதும் முக்கியம். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 என்றால் எச்.டி.பி.இ., 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இரண்டும் ஆயிலையும் மிதமான சூட்டையும் தாங்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக். சுமார் 70 டிகிரி சூட்டில் அது இளகிச் சுருங்கும். வண்டியை ஓட்டிவந்த கையோடு போல்ட்டைக் கழற்றினால் ஆயில் அந்தச் சூட்டைத் தாண்டியும் இருக்கலாம். பாட்டில் கோணிக்கொண்டு சாய்ந்து, கையும் வெந்து, ஆயிலும் மண்ணில் போய்விடும். எண்ணே இல்லாத, விரலால் அழுத்தினால் வளையும் மலிவு பேசின்களும் வேண்டாம்.

நிறத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் டிரேயையே வாங்கச் சொல்வேன். கறுப்பு டிரேயில் ஆயிலின் குணம் எதுவும் தெரியாது. வெளிர் நிறத்தில் அடியில் மின்னும் உலோகத் துகள் தெரியும், காபி போல ஆயில் வெளுத்திருந்தால் தெரியும். உடைந்த ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம் கிடைத்தால் டிரேக்குள் போட்டு வையுங்கள். கைதவறி விழும் டிரெயின் போல்ட்டை ஆயிலுக்குள் துழாவ வேண்டாம், இரும்புத் துகளும் அதில் ஒட்டிக்கொள்ளும். மாவு போல மெல்லிய படிவு இருந்தால் பயமில்லை. கையில் நெருடும் சில்லுகள் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எதை வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்?

ஒரே ஒரு பைக் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது கடை டிரே அல்ல. காலியான 5 லிட்டர் ஆயில் கேன். டில்லர் வைத்திருப்பவர் வீட்டிலோ மெக்கானிக்கிடமோ கேட்டால் கிடைக்கும். கேனை அதன் அகலமான முகம் தரையில் படும்படி படுக்கவையுங்கள். மேலே தெரியும் முகத்தில் நான்கு பக்கமும் 3 செ.மீ. விளிம்பு விட்டு நடுப்பகுதியை மட்டும் கத்தியால் அறுத்தெடுங்கள். மூடி அப்படியே திருகியிருக்கட்டும். உள்நோக்கி நிற்கும் விளிம்பு தளும்பலைத் தடுக்கும், கைப்பிடி தூக்க உதவும். ஆயில் பிடித்து முடிந்ததும் மூடியைத் திறந்து கேனைச் சாய்த்தால் அதன் வாயே ஊற்று மூக்கு. ஆயிலுக்கென்றே செய்த பிளாஸ்டிக் என்பதால் தாங்குமா என்ற கவலையும் இல்லை. மொபெட்டுக்கு அடியில் நுழையாவிட்டால் மேல் விளிம்பை இன்னும் கொஞ்சம் இறக்கி அறுத்துக்கொள்ளலாம்.

சமையல் எண்ணெய் கேனிலும் இதைச் செய்யலாம், ஆனால் பல கேன்கள் மெலிந்தவை. அழுத்திப் பார்த்து எடுங்கள். பூச்சிமருந்து கேன் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மருந்தின் மிச்சம் ஆயிலில் கலந்தால் அதை மறுசுத்திகரிக்கக் கொடுக்க முடியாது. அறுக்கும்போதும் துடைக்கும்போதும் மருந்து உங்கள் கையில் ஏறும்.

பைக்கோடு டில்லரும் பம்ப்செட்டும் இருந்தால் கடையில் விற்கும் மூடிய வகை டிரே பணத்துக்குத் தகும். தட்டையான கேன் போல இருக்கும். மேலே குழிந்த தட்டும் அதில் ஒரு துளையும், பக்கத்தில் திருகு மூடியும் இருக்கும். ஆயில் தட்டில் விழுந்து துளை வழியே உள்ளே போகும். துளையை மூடிவிட்டால் அதையே பைக்கில் கட்டி எடுத்துப் போகலாம். காருக்கென்று செய்தவை உயரமாக இருக்கும். வாங்கும் முன் உங்கள் வண்டியின் அடியை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் உதிரிபாகக் கடைகள் நிறைய இருப்பதால் நேரில் பார்த்து வாங்கலாம். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கினால் உயரம் காலை வாரிவிடும்.

டில்லருக்கு மட்டும் என்றால் சாந்து அள்ளும் இரும்புச் சட்டியே நன்று. சூடு தாங்கும், மிதித்தாலும் உடையாது. மூக்கு இல்லாததால் பெரிய புனல் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். ஒருமுறை ஆயில் பிடித்த சட்டி பிறகு ஆயிலுக்கு மட்டும்தான். வீட்டு அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

டிரே எதுவானாலும் முதல் உபயோகத்துக்கு முன் அரை லிட்டர் அரை லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தை ஆணியால் கீறி அடையாளம் செய்துவிட்டு, நன்றாகக் காயவையுங்கள். ஊற்றிய ஆயிலில் எவ்வளவு திரும்ப வந்தது என்று ஒவ்வொரு முறையும் தெரியும். ஒரு லிட்டர் ஊற்றியது 600 மி.லி.யாக வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது.

ஆயில் பிடிக்கும்போது

கிணறு, போர்வெல், வாய்க்கால், மாட்டுத் தொட்டி எல்லாவற்றையும் விட்டு விலகி, சமமான சிமெண்ட் தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். கீழே பழைய பாலித்தீன் விரிப்பு ஒன்று இருக்கட்டும். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சிறிது ஆறவிட்டுக் கழற்றினால் ஆயில் இளக்கமாக இறங்கும், கையும் வேகாது. கையுறை போடுங்கள். சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மரத்தூளோ உலர்ந்த மணலோ போட்டு உறிஞ்சவிட்டுக் கூட்டி அள்ளுங்கள்.

டிரேயையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு ஆயிலை அழிப்பதில்லை, நீரில் கலக்கவைத்து வாய்க்காலுக்கு அனுப்பிவிடும். கந்தல் துணியால் துடைத்து, மூடிய இடத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடக்கும் டிரேயில் தண்ணீர் நிறையும்போது, அடியில் ஒட்டியிருந்த ஆயில் மேலே மிதந்து முதலில் வழிந்து ஓடும். மழை முடிந்து பார்த்தால் டிரே சுத்தமாக இருக்கும். ஆயில் எங்கே போனது என்று கேட்கவும் மாட்டோம்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஆயிலோ டிரேயோ இருக்கவே கூடாது. மாடுகள் பழைய ஆயிலை நக்கும், உப்புச்சத்துக் குறைவான மாடு இன்னும் அதிகமாக நக்கும். வயிற்றைவிட நுரையீரலுக்குள் ஆயில் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. நக்கிவிட்டது தெரிந்தால் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குழந்தை குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். பழைய ஆயிலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

பிடித்த ஆயிலை என்ன செய்வது?

கரையான் வராமல் இருக்கத் தென்னை மரத்துக்குப் பூசலாமா, வரப்பில் ஊற்றினால் பாம்பு வராதாமே, மஞ்சள் ஒட்டும் பொறிக்குத் தடவலாமா என்று கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்கள். மூன்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. தென்னையில் கரையானுக்கு 5 சத வேப்ப எண்ணெய்க் கரைசல் பூசலாம். ஒட்டும் பொறிக்கு விளக்கெண்ணெய் போதும். வரப்பில் ஊற்றிய ஆயில் அடுத்த மழையில் வயலுக்குள்தான் வரும். இலையில் படிந்தால் இலைத்துளைகளை அடைக்கும். மருந்து வாளியில் ஆயில் பிடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வாளியின் ஓரத்தில் ஒட்டிய கொஞ்சம் ஆயில் தெளிப்பானுக்குள் போனால் இலை கருகும், பழியை மருந்தின் மேல் போடுவோம். பைக் செயினுக்குப் பழைய ஆயில் விடுவதும் வேண்டாம், அதிலுள்ள துகள்கள் செயினைத் தேய்க்கும்.

பழைய ஆயிலுக்கு விலை உண்டு. ஆயில் என்ற பொருள் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. அழுக்கேறி, கலந்த மருந்துகள் தீர்ந்துபோகின்றன. சுத்திகரித்தால் மீண்டும் அடிப்படை ஆயில் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அதை மறுசுத்திகரிக்க மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களே பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைக் கையாளும் பொது மையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே உள்ளது, ஆனால் அது ஆலைகளுக்கானது. நம் ஒரு லிட்டருக்கு வழி, டிரம் வைத்துச் சேர்க்கும் ஒர்க்ஷாப்தான்.

ஒர்க்ஷாப்பில் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டிரம்மை யார் எடுத்துப் போகிறார்கள்? அனுமதி பெற்றவர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள். அடுப்பில் எரிக்கவும், வடிகட்டிப் புது ஆயிலென்று விற்கவும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் காலி ஆயில் டப்பாவைத் துளையிட்டே பழைய சாமான் கடைக்குப் போடுங்கள். நான்கைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் கொண்டுபோனால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

அதுவரை திருகு மூடி உள்ள ஆயில் கேனில், மேலே இரண்டு விரல் இடம் விட்டு, 'பழைய ஆயில்' என்று பெரிதாக எழுதி நிழலில் வையுங்கள். விதை, உரம் வைக்கும் அறையிலும் பெட்ரோல் பக்கத்திலும் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் முறை சற்று மாறும். ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முதலில் ஆயிலைக் கழற்றுங்கள். காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு அதையும் கழற்ற வேண்டியிருக்கும், சில சமயம் மூன்றாம் முறையும். டிரே இரண்டு மடங்கு பிடிக்க வேண்டும் என்றது இங்கேயும் உதவும். தண்ணீர் கலந்த இந்த ஆயிலை நல்ல பழைய ஆயிலோடு சேர்க்காமல் தனிக் கேனில் வைத்து, கடையில் சொல்லியே கொடுங்கள். சொல்லாமல் டிரம்மில் ஊற்றினால் அவர் சேர்த்து வைத்த மொத்த ஆயிலும் தண்ணீர் கலந்ததாகிவிடும்.